ஏழாவது கண்ணி

கம்ப்யூட்டர் பெட்டியை நாலு பேர் சேர்ந்து தூக்கின காலம். ஜப்பான் தேசத்தில் கொசாகி என்று ஒரு மீன்பிடி ஊர் இருந்ததாம். அந்த ஊரில் ஹமாசாகி வலைக் கம்பெனி. அங்கே வலை முடிகிறவள் தோமே. காய்ப்புக் காய்ச்ச கை, கறாரான வாய். கண்ணை மூடிக்கொண்டே முடிச்சு எண்ணுவாளாம்.

மெஷின் வலை வந்தது. கை வலையைச் சீந்த ஆளில்லை. முதலாளி ஹமாசாகி சின்ன வயசுக்காரர். அப்பா விட்டுப்போன மூணு படகையும் விற்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தாராம்.

"வீடியோ கேம் செய்யப்போறோம்."

"யாருக்கு முதலாளி, மீனுக்கா?" என்றாளாம் தோமே.

அவர் கட்டம் போட்ட தாளை விரித்தார். கட்டத்தை நிரப்பினால் திரையில் புள்ளி விழும், விட்டால் இருட்டு. தோமே குனிந்து பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

"இவ்வளவுதானா? இது வலைதானே! நூல் இருந்தா ஒண்ணு, இல்லாட்டி பூஜ்யம்."

அப்படித்தான் பதினோரு வலைக்காரிகள் கேம் செய்ய உட்கார்ந்தார்களாம். ஒருத்தி தாளைப் பார்த்துப் படிப்பாள், கிகுயோ என்கிறவள் அதைக் கம்ப்யூட்டரில் தட்டுவாள்.

ஆடுகிறவன்தான் மீன்குஞ்சு. மேலேயிருந்து வலை மேல் வலையாக ஆடி ஆடி இறங்கும், தப்பிக்கணும். எல்லா வலையிலும் ஏழாவது கண்ணியைத் தோமே நூல் போடாமல் திறந்தே விட்டாள். கண்டுபிடிப்பது லேசில்லை. ஆனால் வழி உண்டு.

டோக்கியோவிலிருந்து ஏஜெண்ட் வந்தாராம். காசு போட்டு ஆடுகிற கேம் மெஷின் ஆயிரத்துக்கு ஆர்டர் கொடுக்கிற மனுஷன். ஆடிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த ஓட்டையை அடைங்க. ரெண்டு நிமிஷத்துல மீன் சாகணும். செத்தாத்தான் அடுத்த காசு விழும்."

"அது ஓட்டை இல்லைங்க, வழி" என்றாள் தோமே. "எங்க அம்மா முடிஞ்ச வலையிலயும் ஒரு கண்ணி குஞ்சுக்குத்தான். கடலை ஒட்ட வழிச்சுட்டு வந்தா, மறுநாள் எந்த மூஞ்சியோட அதுகிட்ட போறது?"

"அக்கா, இந்த ஆர்டர் போனா இந்த மாசமே கதவைச் சாத்தணும்" என்றார் முதலாளி. "ஏழாவதையும் ஒண்ணுன்னே படிங்கக்கா."

தோமே தாளை எடுத்தாள். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. ஆறு ஒண்ணு படித்தாள்.

"பூஜ்யம்."

"வேற யாராவது படிங்க!" என்று ஏஜெண்ட் குதித்தாராம்.

அடுத்தவள் வாங்கினாள். ஆறு ஒண்ணு. தோமேயைப் பார்த்தாள். "பூஜ்யம்." அதற்கடுத்தவள் வாங்கினாள். "பூஜ்யம்." தாள் கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றி வந்தது. அத்தனை வாயிலும் பூஜ்யம்.

கடைசியில் முதலாளியே பிடுங்கினாராம். ஒண்ணு, ஒண்ணு என்று ஆறு வரை ஓடினார். ஏழில் நின்றார். மூணு படகும் கண்ணுக்குள் வந்து நின்றதாம்.

"சொல்லுங்க" என்றாள் தோமே. "உங்க கம்பெனி, உங்க வாய். ஆனா வழியில்லாத வலைக்கு வேற கை பார்த்துக்குங்க."

வெறும் மூச்சாக ஒரு சொல் வந்தது.

"பூஜ்யம்."

"கேக்கலை முதலாளி" என்றாள் கிகுயோ, விரலைத் தூக்கியபடி.

"பூஜ்யம்!" என்று அவர் போட்ட சத்தத்தில், தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த கடல்காக்கை எல்லாம் எழும்பிப் பறந்ததாம்.

ஏஜெண்ட் போனார், ஆர்டரும் போச்சு. செய்து வைத்திருந்த பன்னிரண்டு மெஷினையும் மீன் வண்டியில் ஏற்றி, பக்கத்து ஊர்க் குளியல்கூடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். முதல் வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லையாம். எட்டாம் நாள் பஸ் டிரைவர் ஒருத்தர் ஏழாவது கண்ணிக்குள் நுழைந்து வெளியே வந்துவிட்டார். மறுநாள் வாசலைத் தாண்டி வரிசை. வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மனுஷன் நூறு தடவை சாகவும் தயார்.

தோமே மட்டும் சாகும்வரை மூணாவது வலையைத் தாண்டினதில்லையாம். "வழி வச்சவ நான். தாண்டுறது உங்க பாடு" என்பாளாம்.

கம்பெனி இப்போது ஏழு மாடி. யாரும் அங்கே முடிச்சு எண்ணுவதில்லை. ஆனாலும் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல்நாள் அந்தப் பழைய கட்டத்தாளைக் கையில் கொடுப்பார்களாம். ஆறு ஒண்ணு படிக்கணும். ஏழாவதை வந்தவர் வெட்கப்பட்டு மெதுவாகத்தான் சொல்வார். உடனே மாடி முழுக்கத் திரும்பிக் கத்துமாம்.

"கேக்கலை!"

கூரைமேல் உட்கார்ந்த பறவை எழும்புகிறவரைக்கும் விடமாட்டார்களாம்.