மூன்று மூடிகளின் மௌனம்

நூற்றுப் பன்னிரண்டு நாட்கள் நா காத்த எங்கள் தீவன அறைத் தலைவியே, அன்பு அக்காவே, வணக்கம்!

நா காத்தவர் என்றதும் இந்தக் கூடமே சிரிக்கும். தெரிந்தேதான் அழைக்கிறோம். இயக்குநரின் மாற்றல் உத்தரவை அவருக்கு முன்பே நாங்கள் அறிந்தது தங்களால்தான். தங்கள் மகளின் காதலை, அந்தப் பையன் அறியுமுன் நாங்கள் அறிந்தோம்! தங்கள் முப்பத்தோராண்டுப் பணிக்காலத்தில் இந்த ஆய்வகத்தில் எந்த ரகசியமும் ஒரு வாரம் தாண்டி வாழ்ந்ததில்லை.

அப்படிப்பட்ட தங்களிடம், பூக்கள் ஓய்ந்த இந்தப் பருவத்தில் தேனீக்களுக்கான மூன்று தீவனங்களை ஒப்படைத்தோம். தண்ணீரில் கரைத்த வெறும் வெள்ளைச் சர்க்கரை. ஆலையில் செய்த சோளப்பாகு. எலுமிச்சை பிழிந்து நெடுநேரம் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. மகரந்த உருண்டை மட்டும் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒன்றே. எந்த நிற மூடிக்குள் எந்தப் பாகு என்பது கலக்கிய தங்களுக்கு மட்டுமே தெரியும். எந்த நிறம் குடித்த தேனீக்கள் எப்படி இருக்கின்றன என்பது எண்ணிய எங்களுக்கு மட்டுமே தெரியும். பெயர் தெரிந்தால் கண் பொய் சொல்லும். அதற்காகவே இந்த ஏற்பாடு. தேனீக்களைப் பார்க்காமல் காலைத் தேநீர் குடிக்காத தாங்கள், அவை இருக்கும் பக்கத்து ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டீர்கள்.

இயக்குநர் சோளப்பாகின் கட்சி. "பேரு வேணாம் அக்கா. சோளம் சிவப்பு மூடியா இருந்தா ஒரு தும்மல் போடுங்க, போதும்" என்று கெஞ்சினார்.

"எனக்குச் சளியே பிடிக்காது சார். வேணும்னா என் நாத்தனார் கதை சொல்றேன், உக்காருங்க."

அவர் ஓடிய வேகத்தை நாங்கள் பார்த்தோம்.

தங்கள் தம்பிக்கோ இது விளையாட்டில்லை. தேனீ வளர்த்தே குடும்பம் நடத்துபவர். எலுமிச்சை சேர்த்துக் காய்ச்சினால் தேனீக்குச் செரிமானம் எளிது என்று நம்பி ஊற்றி, போன பருவத்தில் பாதிப் பெட்டிகளை இழந்தவர். தீவனமா, நோயா, காரணம் தெரியவில்லை. இம்முறை தேனை எடுக்காமல் பெட்டியிலேயே விட்டுவைத்துக் காத்திருந்தார். அந்தத் தேனும் இந்த வாரத்தோடு தீர்கிறது.

"கூடப் பொறந்தவன்கிட்டகூடச் சொல்ல மாட்டியாக்கா?" என்று தீவன அறை வாசலில் நின்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சது பாதிதான்டா. பாதிய நம்பி ஊத்தினா மிச்சப் பெட்டியும் போயிடும். பொறு."

அன்று முழுதும் தாங்கள் யாரிடமும் பேசவில்லை. ஆய்வகம் அமைதியாக இருந்தது. எங்களுக்கு அது பிடிக்கவே இல்லை.

நேற்று மாலை கடைசி எண்ணிக்கை முடிந்ததும், இம்மடலுக்காக மூடிகளின் பெயரைச் சொன்னீர்கள். எங்கள் பாதியைக் கேட்க மறுத்துவிட்டீர்கள். "நாளைக்குக் கூட்டத்துல, மைக்குல கேட்டுக்கறேன். தம்பியும் அப்பவே கேக்கட்டும்."

நோய் அண்டாமல், பேச்சு வற்றாமல், பல்லாண்டு வாழ்க, அக்கா! ஜன்னலை இனித் திறக்கலாம்.

நீல மூடிப் பெட்டிகளில் தேனீக்கள் வயிறு வீங்கி முதலில் மடிந்தன. பச்சை தாக்குப்பிடித்தது. சிவப்போ செழித்தது: தேனடை நிறையக் குஞ்சுப் புழுக்கள்; பெட்டி வாசலில் தேனீக்களின் நெரிசல்.

நீலம், எலுமிச்சை. பச்சை, சோளம்.

மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பியே, சிவப்பு மூடிக்குள் இருந்தது வெறும் சர்க்கரையும் தண்ணீரும்.

— தேனீ ஆய்வகத்தார்