வீரபாகு வண்டியின் அகல ஆக்ஸில்

நடந்தது அத்தனையையும் நடப்பதற்கு முன்னாலேயே சொன்னவன், இதோ, இந்த மேடையில் நிற்கிறேன்! அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இந்தப் படத்திறப்புக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, தாடியிலே நரையும் தலையிலே தெளிவுமாக அமர்ந்திருக்கும் வடகரை டிராக்டர் ஓட்டுநர் சங்கத் தலைவர் அண்ணன் முகம்மது யூசுப் அவர்களே! ஆலங்குளத்திலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்திருக்கும் லேத் பட்டறைத் தம்பி கிங்ஸ்லி அவர்களே! முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! வாயிலிட்ட வெற்றிலையை மெல்லவும் மறந்து என்னைப் பார்த்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டி நிற்கும் ஓட்டுநர் தோழர்களே! மாலைக்கு நடுவிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகளின் கணவன் வீரபாகுவே! உங்கள் எல்லாருக்கும் இந்த நல்லதம்பியின் ஈரமான வணக்கம். சாரலில் வந்த ஈரம் பாதி. மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பதினாறு நாள் ஆகிவிட்டது. பதினாறு நாளாக வடகரை டீக்கடையில் ஒரே பேச்சு. என்ன பேச்சு? "சினிமாக் கிறுக்குப் பிடிச்சு செத்தாம்லே வீரபாகு." இதுதான் பேச்சு. தண்ணீர் பிடிக்கப் போன அவன் மனைவி, என் அண்ணன் மகள், எனக்கும் மகளான குழல்வாய்மொழி அதைக் கேட்டாள். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவன் டிராக்டர் சாதாரண வண்டியா? கப்பலேறி வந்து தூத்துக்குடியில் இறங்கியபோது அதைப் பார்க்க நாற்பதாயிரம் பேர் கூடினார்கள். யாரப்பா அங்கே சிரிப்பது? சரி, நாலாயிரம் என்று வைத்துக்கொள். பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு சக்கரம். முன்னாலோ, ஒரே பாயில் படுத்த அண்ணன் தம்பி மாதிரி, ஒட்டி ஒட்டி இரண்டு சின்னச் சக்கரம். எண்ணிப் பார்த்தால் நாலு. நின்று பார்த்தால் மூன்று! பயிர் வரிசைக்கு நடுவே நுழைந்து போவதற்காக வெளிநாட்டுக்காரர்கள் செய்தார்கள். அவர்கள் ஊர்ச் சமவெளிக்கு அது சரி. நம் மலையடிவாரத்துக்குச் சரியா? வாய்க்கால் கரைக்குச் சரியா? வழுக்கும் வரப்புக்குச் சரியா?

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் கோயம்புத்தூர் புரொபசர் ஒருவர் ஐந்தருவியில் தலையில் எண்ணெய் வழிய வழிய என்னிடம் சந்தேகம் கேட்டார். நான் சொன்னேன்: "சார், தலையில் சுமை வைத்திருக்கிறவன் காலைச் சேர்த்து வைத்து நின்றால் சாய்வான். காலை அகட்டி நின்றால் தப்புவான். இதற்கு எதற்கு சார் காலேஜ்?" அவர் அருவியில் குளிக்க மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

அந்த அறிவு வீரபாகுவுக்கும் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தம்பி கிங்ஸ்லியிடம் போய், அந்த வண்டிக்கென்று ஓர் அகல ஆக்ஸில் செய்து வாங்கினான். ஒரு கனத்த இரும்புச் சட்டம். இந்த முனையில் ஒரு சக்கரம், அந்த முனையில் ஒரு சக்கரம். நடுவிலே ஒரு முளை. கரை மேடானால் ஒரு பக்கம் ஏறிக்கொடுக்கும், பள்ளமானால் மறுபக்கம் இறங்கிக்கொடுக்கும். ஒன்பது மழைக்காலம்! ஒரு நாள் கவிழ்ந்ததுண்டா? ஒரு நாள் சறுக்கியதுண்டா? யூசுப் அண்ணன் தலையாட்டுகிறார். இல்லை!

பிறகு எப்படிக் கவிழ்ந்தது?

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தது. பூ பூத்தால் நமக்கு என்ன வரும்? ஷூட்டிங் வரும். வந்தார்கள். பழைய டிராக்டர் வேண்டும் என்றார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது யார்? அடியேன்தான். பார்த்தவர்கள், "முன்னாடி இது ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கே, ஒரிஜினலா இருந்தா நல்லா இருக்கும்" என்றார்கள். வீரபாகுவும் கிங்ஸ்லியும் அரை நாள் வேலை செய்து அகல ஆக்ஸிலைக் கழற்றினார்கள். பழைய ஒட்டுச் சக்கரத்தை மாட்டினார்கள். மூன்று நாள் மஞ்சள் பூவுக்கு நடுவே வண்டி ராஜா மாதிரி நின்றது. பக்கத்தில் நானும் நின்றேன். நான் வந்த இடத்தை வெட்டிவிட்டார்கள் என்று கேள்வி. போகட்டும்.

நாலாம் நாள் காலை, சாரலிலே, அந்த ஒட்டுச் சக்கரத்தோடேயே தேங்காய் லோடு ஏற்றினான். வாய்க்கால் கரையிலிருந்து ரோட்டுக்கு இறங்கித் திரும்புகிற இடம். பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது. முன்னால் பிடிமானம் இல்லை. ஐயா, பெரியவர்களே, அதற்கு மேல் என்னைச் சொல்ல வைக்காதீர்கள். தேங்காய்கள் தண்ணீரில் மிதந்து போயின. அவன் வண்டிக்கு அடியில் கிடந்தான்.

நம் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியோடு செத்தவன் யாருக்கெல்லாம் உழவு ஒப்புக்கொண்டிருந்தானோ, அந்த வயலையெல்லாம் மற்ற வண்டிக்காரர்கள் இறங்கி உழுது கொடுப்பார்கள். செத்தவன் சொன்ன சொல் சாகக் கூடாது என்பதற்காக! ஆனால் தன் அசட்டையாலே செத்தவனுக்கு அந்த மரியாதை கிடையாது. வீரபாகு ஒப்புக்கொண்டது பதினோரு வயல். பதினொன்றும் கலப்பை படாமல் கிடக்கிறது. உழுவதா, விடுவதா என்று இன்று இந்தக் கூட்டம் முடிந்ததும் சங்கம் முடிவு சொல்லப் போகிறது. என் மகள் வேறு எதுவும் கேட்கவில்லை. "அவங்க வாக்கு நிக்கணும் சித்தப்பா" என்று மட்டும்தான் கேட்டாள்.

என் பங்குக்குச் சொல்லுகிறேன், நான் எச்சரித்தேன்! அன்று காலை, அவன் வீட்டு வாசலில், இதே வாயால் எச்சரித்தேன்! "ஏலே வீரபாகு, அகல ஆக்ஸிலை மாட்டாம கரையில ஏறாதலே! மழை கண்ணு தெரியாம பெய்யுது, நீ வண்டியோட கவுந்துருவ" என்று சொன்னேன். வரப்போவதை வரிவரியாகச் சொன்னேன். காலனுக்கு முன்னால் கையை நீட்டி மறித்தேன்! கை தட்டாதீர்கள், இது கை தட்டுகிற இடம் இல்லை.

என்ன தாயி? குழலு, என்னவோ கேட்கிறாயே. ஏய், ரேடியோ செட் தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறை. எழுந்து நின்று கேளு தாயி.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லுகிறேன். என் மகள் கேட்கிறாள்: "நீங்க அப்படிச் சொன்னதுக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்க சித்தப்பா?"

நல்ல கேள்வி. அவன் வந்து... அவன் சொன்னது என்னவென்றால்...

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

யூசுப் அண்ணாச்சி, நீங்கள் ஏன் குனிந்து எழுதுகிறீர்கள்? என்ன எழுதுகிறீர்கள்? "எச்சரித்தும் கேட்கவில்லை." அப்படித்தானே? நான் சொன்னதைத்தான் எழுதுகிறீர்கள். தப்பில்லை. அதை எழுதினால் அவன் அசட்டை என்றாகிவிடும், பதினோரு வயலும் உழாமல் கிடந்துவிடும். ஆனால் அந்தப் பேனாவை ஒரு நிமிஷம் கீழே வையுங்கள்.

கிங்ஸ்லி, ஆக்ஸிலைத் திரும்ப மாட்ட வரவிருந்த உனக்கு அன்று காலை ஒரு போன் வந்தது. "வீரபாகு இன்னைக்கு வேண்டாம்னுட்டான், நீ வராத" என்று ஒரு குரல் சொன்னது. நீயும் நம்பினாய். கேட்டவர்களிடமெல்லாம் "அவரே வேண்டாம்னுட்டாரு" என்று சொன்னாய். உன் மேல் குற்றமில்லை. அந்தக் குரல் யாருடையது? தலையைக் குனியாதே, என்னைப் பார். இந்தக் குரல்தான்.

அவன் அன்று காலை ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். "மாமா, கிங்ஸ்லி வந்துட்டிருக்கான். ஆக்ஸிலை மாட்டிட்டுத்தான் லோடுக்குப் போவேன். மழை வேற பெய்யுது" என்றான். அவன் சொன்னது அது. நான் சொன்னது என்ன தெரியுமா? "ஏலே, நாளைக்குப் பத்திரிகைக்காரன் போட்டோ எடுக்க வாரான்லே. ஒரிஜினல் வண்டி பக்கத்துல என்னையும் நிக்கச் சொல்லியிருக்கான். இன்னைக்கு ஒரு நாளு அப்படியே ஓட்டு. ஒரு லோடுல என்ன ஆயிரப்போகுது?" என்றேன். அவன் தயங்கினான். சக்கரத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "உம்ம பேச்ச தட்ட முடியுமா மாமா" என்று ஸ்பேனரைத் திண்டில் வைத்தான்.

சினிமாக் கிறுக்கு அவனுக்கா பிடித்தது? போட்டோ ஆசை அவனுக்கா இருந்தது? அசட்டை அவனுடையதா? மாமன் என்று மதித்தான், அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்!

தூத்துக்குடிக் கூட்டத்தைக் கூட்டிச் சொல்லுவேன், புரொபசரைப் பெரிதாக்கிச் சொல்லுவேன், உங்களுக்கும் அது தெரியும், தெரிந்துதான் ரசிக்கிறீர்கள். ஆனால் அந்த எச்சரிக்கை வேறு. அதை நான் உண்டாக்கினேன். அப்படி ஒரு வார்த்தையை நான் சொல்லவே இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள, செத்தவன் மேல் ஒரு லோடு பழியை ஏற்றினேன்.

யூசுப் அண்ணாச்சி, இப்போது பேனாவை எடுங்கள். எழுதுங்கள். பதினோரு வயல். சங்கம் வண்டியை இறக்கட்டும். காரணம் என்று ஒரு இடம் இருக்குமே, அங்கே என் பெயரை முழுதாக எழுதுங்கள்.

இவ்வளவு நேரம் பேச விட்ட தலைவருக்கு நன்றி. நனைந்துகொண்டு கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லாருக்கும் கை கூப்பி வணக்கம் சொல்லி இறங்குகிறேன். குழலு, உனக்கும் வணக்கம் தாயி. நீ பதில் வணக்கம் சொல்ல வேண்டாம்.