வேறு வண்டியின் பிரேக்கை ஏற்க மறுத்த பிரபாவதி அம்மையாருக்கு

புண்ணைக் கழுவிய கைகளால் பொய்யையும் கழுவிக் காட்டியவரே! கனகம்மாசத்திரத்துக் கழனிகளில் வளர்ந்து, கட்டுத்துணியும் களிம்பும் சுமந்து, காடு மேடெல்லாம் கடந்து சென்ற எங்கள் மூத்த செவிலியரே! அடங்கச் சொன்ன இடத்தில் அடங்காமலும், அஞ்சச் சொன்ன இடத்தில் அஞ்சாமலும் முப்பத்தோராண்டு எங்களோடு நின்ற பிரபாவதி அம்மையாரே! உங்களை வணங்குகிறோம்.

பணி நிறைவுக்கு வாசிக்கும் இத்தகைய மடல்களில் பொறுமையின் பூமி என்றும் சாந்தத்தின் வடிவம் என்றும் எழுதுவார்கள். நாங்கள் எழுத மாட்டோம். நீங்கள் பொறுமைசாலி அல்லர். அதனால்தான் எங்களில் பலர் உயிரோடு இருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களிடமே சொல்வதில் பயனில்லை. ஆகவே அவையோரை நோக்கித் திரும்பிச் சொல்கிறோம், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே! நம் குன்றடி மருத்துவ அறப்பணி மன்றம், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் மன்றம். அதற்கென்று யாரோ ஒரு புண்ணியவான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதிரியான மோட்டார் சைக்கிள்களை வாங்கித் தந்தார். பெண்களுக்குக் கியர் வண்டியா என்று திருத்தணிக் கடைத்தெருவே சிரித்தபோது, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் ஏறி உதைத்தவர் பிரபாவதி. அவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள் ஏறினார்கள்.

வண்டிகள் நன்றாகத்தான் ஓடின. ஆனால் அவற்றைச் செய்த கம்பெனி முதலில் அந்த மாடலை நிறுத்தியது. பிறகு அதன் உதிரிப் பாகங்களையும் நிறுத்தியது. ஓடுகிற வண்டியை நிற்க வைக்கும் பாகத்தைச் செய்வதை நிறுத்திவிடலாம் என்று எந்த நெஞ்சு துணிந்ததோ! கண்ணாடி கிடைக்காவிட்டால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்போம். ஆரன் கிடைக்காவிட்டால் வாயால் கத்துவோம். பிரேக் கிடைக்காவிட்டால் நோயாளியின் வீட்டுக்கு முன்னால் குதித்து இறங்குவதா?

சக்கரத்தின் நடுவே டிரம் என்று ஒன்று இருக்கிறது. பெடலை மிதித்தால் அதற்குள் பிறைபோல் இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து அதைப் பற்றிக்கொள்ளும். எங்கள் வண்டியின் ஷூக்கள் தேய்ந்தபோது, மன்றத்தின் செயலாளர் வேறொரு வண்டிக்கான ஷூக்களை மொத்தமாக வாங்கிவந்து, அரத்தால் ராவி உள்ளே திணிக்கச் சொன்னார். ஒரே ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு பிரபாவதி அவர் மேசை முன்னால் போய் நின்றார்.

"சார், இது டிரம்முல முழுசா பதியலீங்க. ஓரத்துல மட்டும் ஒரசுது. சமதரையில ஓட்டலாம். எறக்கத்துல நிக்காதுங்க."

"எல்லாம் பிரேக்குதானேம்மா? கிடைக்கிறதை வச்சு ஓட்டுங்க. முடியலைன்னா பஸ்ஸுல போங்க."

"பஸ்ஸு போற ஊரா இருந்தா எங்கள எதுக்குங்க அனுப்புறீங்க?"

செயலாளர் அடுத்த கோப்பைப் பிரித்தார். வண்டிகள் அப்படியே சாலைக்கு அனுப்பப்பட்டன.

அதே மாதத்தில் எங்கள் தோழி துர்கா, அம்மையார்குப்பத்தில் காலில் ஆறாத புண்ணோடு கிடக்கும் நெசவாளர் சின்னசாமிக்குக் கட்டு மாற்றப் புறப்பட்டாள். ஆர்.கே.பேட்டை சாலையின் ஒரு சரிவில் அவள் இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழே கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியது. துர்கா பெடலை மிதித்தாள். பெடல் அடிவரை போனது, சக்கரம் நிற்கவில்லை. டிராக்டரில் மோதாமல் முள்வேலிக்குள் வண்டியைத் திருப்பியதால் உயிர் தப்பியது. வலது மணிக்கட்டு முறிந்தது. உடைந்த மருந்துப் புட்டிகளுக்கு நடுவே கிடந்தபடியே, இடக்கையால் போனை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அங்கிருந்து வந்த முதல் கேள்வி, "வண்டிக்கு ரொம்ப அடியா?"

அவையோரே, இதைக் கேட்டும் உங்களுக்கு இரத்தம் கொதிக்கவில்லை என்றால், மீதியையும் கேளுங்கள். பிரேக் நன்றாக இருந்தும் கவனக்குறைவாக ஓட்டி மன்றத்தின் உடைமைக்குச் சேதம் விளைவித்ததற்காக உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று கேட்டு துர்காவுக்கு நோட்டீஸ் வந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையால் அதை வாங்கக்கூட முடியாமல், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பார்க்க வந்த பிரபாவதியிடம் அவள் விம்மினாள்.

"யக்கா, நான் மிதிச்சேன்க்கா. நெஜமா மிதிச்சேன்."

"ஆங், தெரியும். நீ மிதிச்சது எனக்குத் தெரியும். அழுதுகினு கெடக்காத. கை மொதல்ல கூடட்டும்."

துர்காவிடம் அமைதியாகப் பேசிய பிரபாவதி, வெளியே வந்து வராந்தா தூணை ஓங்கி அறைந்தார். தான் சொன்னதைச் சொன்னபடியே நடக்கவிட்டு, நடந்த பிறகு அடிபட்டவள் மேலேயே பழி போடுகிறார்களே என்ற ஆத்திரத்தால்.

விசாரணை நாள் வந்தது. துர்காவின் வண்டியில் போட்ட அதே ஷூக்கள் போட்ட இன்னொரு வண்டியை, உச்சிவெயிலில் ஏற்றத் தெரு முழுவதும் தள்ளிக்கொண்டே வந்து அலுவலக வாசலில் நிறுத்தினார் பிரபாவதி. உள்ளே வராமல் அங்கிருந்தே கூப்பிட்டார். செயலாளரும் விசாரணைக்கு வந்த பெரியவர்களும் வெளியே வந்தார்கள்.

"சார், பிரேக்கு நல்லாருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு தடவ இந்தத் தெருவுல எறங்கிக் காட்டுங்க."

"எனக்குக் கியர் வண்டி பழக்கமில்லை."

"பரவாயில்லீங்க. நானே ஓட்டறேன். நீங்க பின்னால குந்துங்க. கீழ பெரிய ரோட்டுக்கு முன்னால நின்னுச்சுன்னா, துர்கா மேலதான் தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டுப் போயிடறேன்."

செயலாளர் சரிவைப் பார்த்தார். சரிவுக்குக் கீழே பெரிய சாலையில் திருப்பதி பஸ்கள் பறந்துகொண்டிருந்தன. சீட்டின் மேல் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார். "இதெல்லாம் நாடகம்" என்றார்.

"பயமா இருக்குதில்லீங்க? எங்களுக்கும் அதே உயிருதாங்க. எங்க உயிருக்கு மட்டும் கெடைக்கறத போட்டுக்கலாமா?"

விசாரணை அந்த வாசலிலேயே முடிந்தது. ஆனால் அநீதி அவ்வளவு சுலபமாக முடியுமா? "கருணை அடிப்படையில் துர்கா மன்னிக்கப்படுகிறார்" என்று ஆணை வந்தது. பிரபாவதி அதைத் திருப்பி மேசைமேல் வைத்தார். "மன்னிக்கறதுக்கு அவ இன்னா தப்பு பண்ணா?" என்று கேட்டார். குற்றமில்லை என்று எழுதித் தரும்வரை தினமும் வேலை முடிந்ததும் வந்து அதே கேள்வியைக் கேட்டார். கடைசியில் எழுதித் தந்தார்கள்.

பிறகு, நிற்காத வண்டிகளை நிற்க வைக்கும் வேலை. கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் பட்டறை வைத்திருக்கும் தங்கவேல் கையை விரித்தார். "யக்கா, இந்த ஷூ எங்கயும் இல்ல. நகரி, புத்தூர் வரைக்கும் தேடிட்டேன்."

கழற்றிப் போட்டிருந்த பழைய ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார் பிரபாவதி. "எலும்பு நல்லாத்தான கீது நைனா? மேல சதைதான போயிருக்குது? சதைய வளத்துக் குடு."

தங்கவேல் சிரித்துவிட்டு வேலையில் இறங்கினார். பழைய ஷூவின் மேல் டிரம்மைப் பற்றும் தேய்ந்த லைனிங்கைச் சுரண்டி எடுத்து, புது லைனிங்கை அளவாக வெட்டி, ரிவெட் அடித்துப் பொருத்தினார். முதலில் போட்ட லைனிங் கெட்டியாக இருந்து கீச்சிட்டது, பிடிக்கவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டார். லேத் பட்டறையில் கொடுத்து டிரம்மின் வளைவுக்கு ஏற்றபடி கடைந்து வாங்கினார். சுண்ணக்கட்டியை மேலே தடவிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, சுண்ணம் முழுவதும் ஒரே சீராக அழிந்த பிறகுதான் டிரம்மை மூடினார். அப்படித் தயாரான ஒவ்வொரு வண்டியையும், துர்கா விழுந்த அதே சரிவில் முதலில் ஓட்டி இறங்கியவர் பிரபாவதி. தாம் இறங்காத வண்டியில் எங்களை ஏற விடவில்லை.

இதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? முறைப்படி அவருக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவியை, ஒழுங்குக்குக் கட்டுப்படாதவர் என்று சொல்லி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஆண்டு மலரிலோ, நிர்வாகத்தின் தொலைநோக்கால் வண்டிகள் புத்துயிர் பெற்றன என்று அச்சிட்டு, எந்தச் சீட்டில் உட்கார மறுத்தாரோ அதன் மேலேயே செயலாளர் கை வைத்துச் சிரிக்கும் படத்தையும் போட்டார்கள்! தங்கவேல் பெயர் இல்லை. பிரபாவதி பெயர் இல்லை. துர்காவின் மணிக்கட்டு இன்றும் முழுதாகத் திரும்புவதில்லை. அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

இந்த மடலைக்கூட முன்கூட்டியே அலுவலகத்தில் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். பிரேக் என்ற சொல் வந்த பத்திகளையெல்லாம் அடித்துவிட்டு, "அன்பானவர், பண்பானவர்" என்று நிரப்பிக்கொள்ளச் சொல்லித் திருப்பித் தந்தார்கள். மேடையில் வீற்றிருக்கும் செயலாளர் அவர்களே! அடித்ததை அடித்தபடியே விடாமல், ஒரு வரியும் குறையாமல் வாசித்துவிட்டோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் பதித்து அம்மையார் வீட்டுச் சுவரில் மாட்டப் போவதும் இதுதான்.

அன்புக்குரிய அம்மையாரே, இனி உங்களிடம் திரும்புகிறோம். நாளை முதல் நீங்கள் எங்களோடு வர மாட்டீர்கள். ஆனால் வண்டியின் சாவியை வாங்கியதும் சரிவில் ஒருமுறை இறங்கிப் பார்ப்போம். நிற்காவிட்டால் சாவியை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நிற்போம். அடுத்தவள் மேல் பழி வந்தால் தனியாக நிற்க விடமாட்டோம். இதை உங்கள் முன்னால் வாக்காகத் தருகிறோம்.

உடல் நலத்தோடும் உரத்த குரலோடும் நெடுங்காலம் வாழ்க! குனிந்து குனிந்து கட்டுப் போட்ட முதுகுக்கு ஓய்வு கிடைக்கட்டும்! உங்களை வாயடைக்கச் சொல்பவர் யாரும் இல்லாத வீட்டில், விரும்பியபோது பேசி, விரும்பியபோது கோபித்து, வயிறாரச் சிரித்து இருங்கள்! இனி எந்தச் சரிவில் இறங்கினாலும், மிதித்த இடத்தில் நிற்கும் வண்டியிலேயே இறங்குங்கள்!

இவண்,
உங்கள் கோபத்தால் காக்கப்பட்ட
களச் செவிலியர்கள்,
குன்றடி மருத்துவ அறப்பணி மன்றம், திருத்தணி.

எழுதியவர்கள்: அனைவரும். வாசித்தவர்: துர்கா.