‘என் கணவர்’ என்பதோடு நின்றுபோன செய்தி

நாகசாகி துறைமுகப் பகுதிக் காவல் நிலையத்தில் மே மாதம் 14ஆம் தேதி காலை பத்து மணிக்குச் சார்பு ஆய்வாளர் நாகாதோமி விசாரித்தபோது நான் கூறியது:

என் பெயர் யோஷிமாட்சு ஃபுமியே. ஞானஸ்நானப் பெயர் அகதா. வயது 79. காலஞ்சென்ற யோஷிமாட்சு சேய்ஜிரோவின் மனைவி. துறைமுகத்துக்கு மேலே உள்ள மலைச்சரிவில், தெருவிலிருந்து எண்பத்திரண்டு படி ஏறினால் வரும் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தேன். நூலகத்தில் பட்டியல் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கண்ணாடி அணிந்தால் பார்வையில் குறை இல்லை. காது நன்றாகக் கேட்கும்.

எங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்தில் மேலே இரண்டு கிடைக்கோடுகள் உண்டு. ஊரில் பெரும்பாலோர் மேல்கோட்டை நீளமாக எழுதுவார்கள். எங்கள் குடும்பப் பதிவேட்டில் கீழ்க்கோடுதான் நீளம். என் கணவர் கல்யாணப் பத்திரிகையைக்கூட இதற்காக அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர். நானும் ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக அப்படியே எழுதி வருகிறேன்.

என் கணவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கு அனுப்பி வந்தேன். அதன் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இல்லத்து ஆட்கள் இருவர் வந்து அவரைப் படிகளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். வீட்டிலிருந்து சொல்ல வேண்டியதை அவர்களிடம் வாயால் சொல்லக் கூடாது, இல்லத்தின் இணையப் படிவத்தில் ‘குறிப்பு’ என்ற பெட்டியில்தான் எழுத வேண்டும் என்பது நிர்வாகி ஒபாதா ஷுன்சுகே என்பவர் போட்ட விதி. அந்த விதித்தாளில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 2ஆம் தேதி மருத்துவர் என் கணவரின் தொண்டையைச் சோதித்தார். இனிமேல் சோறு முதலான கட்டி உணவு எதுவும் கொடுக்கக் கூடாது, கூழாக அரைத்ததை மட்டுமே கொடுக்க வேண்டும் என்றார். மறுநாள் 3ஆம் தேதி காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு டேப்லெட்டில் படிவத்தைத் திறந்து, எங்கள் பெயர் எழுத்தை விரலால் வரைந்து தேர்ந்தெடுத்து, மருத்துவர் சொன்னதை எழுதினேன். சிஸ்டர்கள் கற்பித்த முறைப்படி முதலில் பருவ வாழ்த்து, அடுத்து நன்றி, அடுத்து யாரைப் பற்றியது என்பது, கடைசியில் செய்தி. அதன் பிறகு வந்த சரிபார்ப்புப் பக்கத்தில் நான் எழுதியது முழுவதும் இருந்தது. இரண்டு முறை படித்தேன். பிழை இல்லை. அதன் பிறகு ‘அனுப்பு’ என்பதைத் தொட்டேன். பதிவாகிவிட்டது, நன்றி என்று வந்தது.

எட்டரை மணிக்கு ஆட்கள் வந்தார்கள். சாப்பாட்டைப் பற்றிப் படிவத்தில் எழுதியிருப்பதாக அவர்களிடம் சொன்னேன். மூத்தவர், “படிவத்துல இருந்தா நேரா சமையல்கட்டுக்குப் போயிடும்மா, நீங்க கவலைப்படாதீங்க” என்றார். என் கணவர் கம்பளித் தொப்பியை மறந்துவிட்டதாகக் கை காட்டினார். நான் மூன்றாம் படி வரை இறங்கிப் போய் அதை அவருக்குப் போட்டுவிட்டேன்.

அன்று பருவமாற்றத் திருநாள். இல்லத்தில் எல்லோருக்கும் கடற்பாசியில் சுற்றிய சோற்றுச் சுருள் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு இருபதுக்கு என் கணவருக்கு அது தொண்டையில் அடைத்தது. ஒரு மணிக்குத் தொலைபேசி வந்தது. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி ஐந்து நிமிடம். அவர் இறந்திருந்தார். தொப்பியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஒபாதா கறுப்பு உடையில் ஒரு பெட்டி இனிப்புடன் வந்தார். நான் எழுதியதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: “பிளம் பூக்கும் இந்தக் குளிரிலும் தாங்கள் செய்யும் உதவிக்கு நன்றி. என் கணவர்”. மீதி எங்கே என்று கேட்டேன். “வந்தது இவ்வளவுதாம்மா. வயசாச்சுன்னா பாதி எழுதிட்டு முழுசா எழுதின மாதிரி தோணும். எங்க அம்மாவும் இப்படித்தான். நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க” என்றார். அதன் பிறகு, குடும்பத்தார் உணவு மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்று நகராட்சிக்கு அறிக்கை கொடுத்தார். நாற்பது நாட்கள் நான் அதை நம்பினேன். என் கணவரை நானே கொன்றேன் என்று அந்த நாட்களில் நினைத்திருந்தேன். இதை ஆய்வாளர் ‘மனவேதனை அடைந்தேன்’ என்று எழுதினார். அடித்துவிட்டு, நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன்.

மார்ச் 18ஆம் தேதி அந்த இல்லத்தில் வேலை பார்த்து விலகிய மினே ஆயாகா என்ற பெண், வயது 27, என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, “யோஷிமாட்சு அம்மா, உங்க செய்தியைப் படிச்சு அன்னிக்கு நாங்க சிரிச்சோம். ‘என் கணவர்’னு நின்னுருந்துச்சா, ‘என்னாச்சு, ஓடிப்போயிட்டாரா’ன்னு நான்தான் கேட்டேன்” என்று சொல்லி அழுதாள். உள்ளே வரச் சொன்னேன். அழுது முடிக்கும்வரை தேநீர் கொடுக்கவில்லை. அதன் பிறகு அவள் சொன்னதாவது: “அந்த நீளக் கீழ்க்கோட்டு எழுத்துக்கு நாலு இடம் வேணுமாம்மா. படிவம் வாங்கி வைக்கிற கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்துக்கு மூணு இடந்தான் ஒதுக்கியிருக்காங்க. அந்த எழுத்து வந்ததும் அதையும் அதுக்குப் பின்னாடி உள்ளதையும் சத்தமில்லாம வெட்டிடும். ஒபாதா சாருக்கு இது போன வருஷமே தெரியும்.”

அவள் கையில் ஒரு தாள் இருந்தது. இந்த எழுத்து உள்ள நான்கு குடும்பங்களின் பெயரை எழுதி, செய்தி பாதியில் நின்றால் தொலைபேசியில் கேட்கவும் என்று ஒபாதா தன் கையால் எழுதி சமையல்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாள் அது. ஜனவரி கடைசியில் நகராட்சிச் சோதனை வருவதாகத் தெரிந்ததும், சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று அவரே கிழிக்கச் சொன்னாராம். கிழித்தெடுத்த மினே அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். புதிய சமையல்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தாளை இன்று ஒப்படைத்திருக்கிறேன். மூன்றாவது பெயர் எங்களுடையது. முன்பு சில முறை நான் எழுதியதை இல்லத்திலிருந்து தொலைபேசியில் மறுபடி கேட்டதுண்டு; காரணம் சொன்னதில்லை.

அதன் பிறகு நான் அவசரப்படவில்லை. ஏப்ரல் 20ஆம் தேதி மாலை மூன்று மணிக்கு ஒபாதாவைத் தேநீருக்கு அழைத்தேன். எனக்கு மறதிதான், இதைப் பெரிதாக்க விருப்பமில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். அது பொய். வேண்டுமென்றே சொன்னேன். பக்கத்து வீட்டுத் திரு. தாகாகி, வயது 74, ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர். அவரை அடுத்த அறையில் காகிதக் கதவுக்குப் பின்னால் முன்கூட்டியே உட்கார வைத்திருந்தேன். அவர் தனியே வாக்குமூலம் தருவார்.

ஒபாதா இரண்டு கிண்ணம் தேநீர் குடித்தார். அதன் பிறகு டேப்லெட்டை அவர் முன் வைத்தேன். இல்லத்தின் படிவம் திறந்திருந்தது. ‘குறிப்பு’ பெட்டியில் என் கணவரின் பெயரை மட்டும் முன்பே எழுதி வைத்திருந்தேன். “அவருக்கு ரெண்டு வரி அஞ்சலி உங்க கையால எழுதி அனுப்புங்க, எனக்கு ஆறுதலா இருக்கும்” என்றேன். அவர் விரலை வைத்தார். முதல் வேலையாக எங்கள் பெயரின் முதல் எழுத்தை அழித்துவிட்டு, ஊரார் எழுதும் எழுத்தைப் போட்டார். அதன் பிறகுதான் அஞ்சலியைத் தொடங்கினார். எழுத்தை மாற்றும்படி நான் சொல்லவில்லை.

“ஏன் எழுத்தை மாத்தினீங்க?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, இதுதான் போகும். அது போகாது.”

“போகாதுன்னு எப்பலேர்ந்து தெரியும்?”

அவர் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினார். அதன் பிறகு, “போன வருஷம் மழைக்காலத்துலேர்ந்து” என்றார். அதன் பிறகு குரலை உயர்த்தி, “ஒரு கோடும்மா! ஒரே ஒரு கோடு! அந்த வீம்பை விட்டுட்டு எல்லாரும் போடற எழுத்தைப் போட்டிருந்தா ஐயா இன்னிக்கு இந்த மெத்தையில உக்காந்திருப்பாரு” என்றார். அப்போது கதவைத் திறந்து திரு. தாகாகியைக் காட்டினேன். ஒபாதா எழுந்து, வாசலில் செருப்பு விடும் சிமெண்டுத் தரையில் நெற்றி பட விழுந்தார். நான் அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு, எழுந்து போகலாம், படி ஈரமாக இருக்கிறது, கவனம் என்று சொன்னேன்.

மே 5ஆம் தேதி அவரது வழக்கறிஞர் சமரசம் பேச வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. மே 12ஆம் தேதி பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒபாதாவை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை என்று பங்குத்தந்தையிடம் சொன்னேன். “அப்படின்னா பாவமன்னிப்பு குடுக்க முடியாதேம்மா, நற்கருணையும் வாங்க முடியாது. இன்னும் கொஞ்ச நாள் யோசிங்க” என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். ஏழு வயதிலிருந்து நான் நற்கருணை வாங்காத ஞாயிறு கிடையாது. இனி கடைசி வரிசையில் உட்காருவேன்.

ஊரார் எழுதும் எழுத்தை நீங்கள் போட்டிருக்க முடியாதா என்று ஆய்வாளர் கேட்டதற்கு: போட்டிருக்கலாம். தெரிந்திருந்தால் போட்டிருப்பேன். தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அவர் சொல்லவில்லை. சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று தாளைக் கிழிக்க வைத்தார். என் வீம்புக்கு உள்ள தண்டனையை நான் தினமும் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அனுபவிக்கிறேன். அவருக்கு உள்ளதை அவர் அனுபவிக்க வேண்டும்.

குற்றவாளிக்கு என்ன தண்டனை கிடைக்க வேண்டுமென்று விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு: ஆய்வாளர் ‘தக்க தண்டனை’ என்று எழுதியதை அடித்து, ‘சட்டம் அனுமதிக்கும் மிகக் கடுமையான தண்டனை’ என்று எழுதச் சொன்னேன். அவர் பின்னால் மன்னிப்புக் கடிதம் கொடுத்தாலும், இழப்பீடு கொடுத்தாலும், நான் அதற்குள் இறந்துபோனாலும், இந்த விருப்பம் மாறாது என்பதையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்திருக்கிறார்.

இதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார்கள். அதன் பிறகு நானே கண்ணாடி அணிந்து இரண்டு முறை படித்தேன். விடுபட்டது எதுவும் இல்லை, கூட்டியதும் இல்லை, அனைத்தும் உண்மை என ஒப்புக்கொண்டு ஒப்பமிட்டு முத்திரையிடுகிறேன்.

(ஒப்பம்) யோஷிமாட்சு ஃபுமியே

என் முன்னிலையில்,
(ஒப்பம்) நாகாதோமி, சார்பு ஆய்வாளர்