கூடிப்போன இரண்டு சிப்பிகள்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் படிவத்தின் நான்காவது கேள்விக்கு விட்டிருக்கும் இடம் போதவில்லை. மூன்று விரல் நீளத்துக்கு ஒரு கோடு. என் கையெழுத்தே அதில் அடங்காது. ஆகையால் தனித்தாள் இணைத்திருக்கிறேன். படிவம் தயாரிப்பவர்கள் அதை நிரப்புகிறவனையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். எங்கள் அலுவலகப் படிவங்களில் விளக்கத்துக்கென்று அரைப் பக்கம் விடுவோம். யாரும் அதில் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் இடம் இருந்தது.

கேள்வி இது: 'நோயாளியிடம் மறதியின் முதல் அறிகுறி எப்போது, எந்தச் சந்தர்ப்பத்தில் தென்பட்டது?' நோயாளி என்று தாங்கள் குறிப்பிடுவது என் மனைவியை. மற்ற பதினொரு கேள்விகளுக்கும் பதில் எழுதியாகிவிட்டது. இதற்கும் வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். என் மகள் அதைத்தான் சொன்னாள்.

"ஏதாவது ஒரு மாசத்தப் போடுங்கப்பா. அவங்க என்ன சரிபாக்கவா போறாங்க."

முப்பத்தொரு வருடம் எடை அளவுத் துறையில் இருந்தவனிடம் பேசுகிற பேச்சு அது. என் ஜீப் கடைத்தெருவுக்குள் திரும்பினால் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்று சொல்வார்கள். சொன்னவர்கள் என் கீழே வேலை பார்த்தவர்கள்தான், இருந்தாலும் சொன்னார்கள். தங்கள் படிவத்தின் அடியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று அச்சிட்டு, கையெழுத்து கேட்டிருக்கிறீர்கள். தப்பான தேதிக்குக் கீழே நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. கடைசிக் காலத்தில் அந்தப் பழக்கத்தை ஆரம்பிக்க விருப்பமும் இல்லை.

ஆகவே முறையாக, முதலிலிருந்து.

ஓய்வு பெற்றவனுக்கு மரியாதை குறைந்துவிடும் என்பார்கள். அது போனால் போகிறது. சோதித்துப் பார்க்க ஒரு பொருளும் கையில் இல்லாமல் போகிறதே, அதுதான் கஷ்டம். முதல் மாதம் எங்கள் சமையலறை அளவுக் கரண்டிகளைச் சோதித்தேன். நாலில் மூன்று தவறு. மனைவியிடம் அறிவித்தேன்.

"அந்தக் கரண்டியிலதான் முப்பத்தாறு வருஷமா சாப்பிட்டுட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அதே கரண்டியால் சர்க்கரையை அள்ளினாள்.

அவள் வாரம் இரண்டு நாள் நூலக மாடியில் குரோஷா பின்னல் வகுப்புக்குப் போய்வந்தாள். நான் காரில் கொண்டுபோய் விடுவேன். கீழே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கலாம்தான். ஆனால் மாடியில் பன்னிரண்டு பெண்கள் எந்த மேற்பார்வையும் இல்லாமல் இருப்பது மனதுக்கு ஒப்பவில்லை. ஒருநாள் ஏறிப்போய், வருகைப் பதிவேடு பராமரிக்கிறீர்களா என்று கேட்டேன். டீச்சர் முன்பு தையற்கடை வைத்திருந்தவள். என் மகளைவிடச் சின்னவள். அவள் என் கையில் ஒரு கொக்கி ஊசியையும் நூலுருண்டையையும் திணித்தாள்.

"உக்காருங்க ஆபீசர் சார். கை சும்மா இருந்தாத்தான் வாய் வேலை செய்யும்."

அன்றிலிருந்து அந்த அறையில் என் பெயர் ஆபீசர். அதில் கேலி இருந்தது என்று பிற்பாடுதான் பட்டது. அப்போது பொருத்தமாகவே தோன்றியது.

சங்கிலிப் பின்னல் நாலு நாளில் வந்துவிட்டது. அடுத்தது சிப்பிப் பின்னல். அலங்காரப் பின்னல்களில் அதுதான் ஆரம்பப் பாடம் என்றார்கள். இரண்டு கண்ணி விட்டு, மூன்றாவது கண்ணியில் ஐந்து தடவை நூலைச் சுற்றி இழுத்தால் விசிறி மாதிரி விரியும். அதுதான் சிப்பி. மறுபடி இரண்டு கண்ணி விட்டு, ஒரு முடிச்சால் அதை அமுக்கிவிட்டு அடுத்த சிப்பிக்குப் போகலாம். வரிசை முடிகிற இடத்தில் மட்டும் பாதிச் சிப்பி ஒன்று போட வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுவார்கள். விட்டால் ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையைவிடக் குட்டையாகிவிடும். நான் ஒரு மேசை விரிப்பு ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் அது முக்கோணமாகிவிட்டது.

டீச்சர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கிப் பிடித்தாள். "சார், இது மேசைக்கா, கொடிக்கம்பத்துக்கா?"

பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் அதை வாங்கி மடியில் வைத்து, சுருக்கத்தை நீவி, ரொம்பவும் அன்பாகச் சொன்னாள்: "அவரக் கிண்டல் பண்ணாதீங்க. அவருக்கு எண்ண வராது, பாவம். வீட்டுலயும் நான்தான் எண்ணுவேன்."

இதைச் சொன்னபோது அவள் மனதில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அதை நான் பதிவு செய்ய விரும்புகிறேன். கேலி செய்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பேன். 'பாவம்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அதற்கு ஒன்பதாம் நாள், புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. போன வருடம், இதே மாதத்துக்கு முந்தின மாதம். தங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் இதுதான். சந்தர்ப்பத்தையும் கேட்டிருக்கிறீர்கள்.

மகளுக்காக அவள் ஒரு படுக்கை விரிப்பு பின்னிக்கொண்டிருந்தாள். வரிசைக்கு இருபத்தெட்டுச் சிப்பிகள். நடு வரிசையில் ஊசியோடு நாற்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தேன். முன்னறிவிப்பில்லாத சோதனை என்று எங்கள் துறையில் ஒன்று உண்டு. அதற்கு மேல் அப்போது எனக்கு உத்தேசமில்லை. துணியைக் கிழித்தால் சத்தம் வரும். தையலை வெட்டினால் தடயம் இருக்கும். குரோஷாவில் இரண்டும் இல்லை. மூன்று சிப்பிகள் மூச்சுவிடாமல் கழன்று வந்தன. மிச்சம் யாரும் தொடாதது மாதிரி நின்றது. பிரித்த நூல் மட்டும் நெளிநெளியாக இருந்தது; ஈர விரலால் நீவி உருண்டையில் சுற்றியதும் அதுவும் சரியாகிவிட்டது. ஊசியைப் பழைய இடத்தில் மாட்டி வைத்தேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். "பதினேழு போட்டுட்டுப் போனேனே."

"எண்ணிப் பாரு" என்றேன்.

பதினாலு இருந்தது. "தூக்கக் கலக்கத்துல தப்பா எண்ணியிருப்பேன்" என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். பட்டப்பகல் பதினொன்றரை மணிக்கு.

அடுத்த வாரங்களில் அவள் கவனமானாள். எழுந்து போகும்போது "பத்தொம்போதுங்க, ஞாபகம் வச்சுக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். நானும் ஞாபகம் வைத்துக்கொள்வேன். திரும்பி வரும்போது பதினாறு இருக்கும். "நீ பதினாறுன்னுதான சொன்ன" என்பேன். பிறகு துண்டுச்சீட்டில் எழுதி ஊசிக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தாள். எழுதி வைத்த ஆவணத்தைத் திருத்துவது என் கொள்கைக்கு விரோதம். அந்தச் சீட்டை நான் தொட்டதே இல்லை. பின்னலைத்தான் திருத்தினேன்.

இதற்கிடையில் நான் பயிற்சியையும் விடவில்லை. பாதிச் சிப்பியின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. என் கை இறுக்கம், அவள் கை தளர்வு; சிப்பியின் நடு இழையை அவள் ஒரு நெல்மணி அளவு கூடுதலாக இழுப்பாள். அந்த இழுப்பு வரும்வரை என் முக்கோணத்தை ஏழு தடவை பிரித்துப் பின்னினேன். எந்த ஆசிரியருக்கும் இப்படி ஒரு மாணவன் வாய்த்திருக்க மாட்டான். கை தயாரானதும், ஒருநாள் அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில், அவளுடைய பத்தொன்பதாவது சிப்பிக்குப் பக்கத்தில் நான் இரண்டு போட்டேன்.

வந்து மூன்று தடவை எண்ணினாள். சீட்டைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். குறைந்த நாட்களில் அவள் சலித்துக்கொண்டதுதான் உண்டு. கூடியதைப் பார்த்தபோது பின்னலைத் தள்ளி வைத்துவிட்டாள். இந்த வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தங்கள் துறைக்கு உபயோகப்படலாம்.

"இத நானா போட்டேன்?"

"வேற யாரு போடுவா? எனக்குத்தான் எண்ணவே வராதே."

அவள் அந்த இரண்டு சிப்பிகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். "என் கைதான்" என்றாள். "என் கை எனக்குத் தெரியாதா." கற்றுக்குட்டி ஒருவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நூலைத் தவிர வேறெதிலும் நான் கை வைக்கவில்லை என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று நடுவழியில் காரைத் திருப்பச் சொன்னது அவளாகவே. உப்பு போட்டேனா என்று ஒவ்வொரு தடவையும் என்னை ருசி பார்க்கச் சொன்னதும் அவளாகவே. வாசல் கதவு விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு முறை, பூட்டியிருந்த கதவு திறந்து கிடந்தது என்று சொன்னேன். நான் திறக்கவில்லை; சொன்னேன், அவ்வளவுதான். அன்று மகள் ஊரிலிருந்து வந்து சாவிக்கொத்தை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். "இனிமே எல்லாம் அப்பா பாத்துக்குவாரும்மா." என் மனைவி தலையாட்டினாள். வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். நாலு பேர் முன்னால் தப்பு வந்துவிடும் என்று பயம்.

நான் நிறுத்தவில்லை. படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வந்தேன். கடைசி முப்பது வரிசைகள் என்னுடையவை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அம்மா எங்க விட்டாங்க, நீங்க எங்க பிடிச்சீங்கன்னு கண்டுபிடிக்கவே முடியல சார்." எழுந்து போய்க் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றாள். மற்ற பெண்களும் என்னை இப்போது ஆபீசர் என்று கூப்பிடுவதில்லை, அண்ணா என்கிறார்கள். மனைவிக்கு முடியாமல் போன பிறகும் அவள் வேலையை எடுத்துச் செய்கிற மனுஷன் என்று என்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் உருவாகியிருக்கிறது. அதைக் கெடுப்பானேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இப்போது சண்டை சச்சரவு கிடையாது. எதையும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறாள். சர்க்கரை எத்தனை கரண்டி என்றுகூடக் கேட்கிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம், மடியில் இருந்த பின்னலை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீங்களே எண்ணுங்க. உங்க எண்ணிக்கைதான் சரி" என்றாள். நான் எண்ணினேன். சரியாகவே இருந்தது, அன்று நான் எதையும் தொட்டிருக்கவில்லை. ஒன்று குறைகிறது என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்களையே மறந்துட்டேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம்" என்றேன்.

தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சன்னமாக ஒப்பிக்கிறாள். மகளின் பிறந்த தேதி, வீட்டு எண், அண்டை வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்கள், எங்கள் கல்யாண நாள், நான் பதவி உயர்வு பெற்ற நாள். வெளியே நின்று பட்டியலை வைத்துச் சரிபார்த்திருக்கிறேன். ஒரு நாளும் ஒரு இலக்கம்கூடப் பிசகியதில்லை.

தங்கள் அறையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னீர்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்து "சரியாங்க?" என்றாள். எல்லாம் சரி. ஆனால் நான் தலையாட்டும்வரை அடுத்த எண்ணுக்குப் போகவில்லை. தாங்கள் ஏதோ குறித்துக்கொண்டீர்கள். இந்தப் படிவம் வந்ததும் மாத்திரையை ஆரம்பித்துவிடலாம், ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க நிறுத்தக்கூடாது, தலைசுற்றும், ஆள் மந்தமாவாள் என்றீர்கள். மகள் அழுதாள். என் மனைவி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

மாத்திரை தேவையா என்பது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் யோசனை ஒன்று உண்டு. சத்து மாத்திரை எதையாவது எழுதிக் கொடுத்து, நல்ல பலன் தெரிகிறது என்று மட்டும் தாங்கள் அவ்வப்போது சொல்லி வந்தால், என் பக்கத்திலிருந்து தவறுகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறேன். திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வரும். மாதத்துக்கு இவ்வளவு என்று போனால் அடுத்த வருடத்துக்குள் பூரண குணம் காட்டிவிடலாம். குணப்படுத்திய பெயர் தங்களுக்கு, பார்த்துக்கொண்ட பெயர் எனக்கு. யாருக்கும் நஷ்டமில்லை.

நடந்தது இவ்வளவுதான். தேதி உட்பட அனைத்தும் உண்மை என்று கையெழுத்திட்டிருக்கிறேன். இந்தத் தாளை அவள் கோப்பில் வைக்காமல் தாங்களே தனியாகப் பூட்டி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தெட்டு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன், டாக்டர். ஒரு தடவை தெரிந்துகொண்டதை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.