பதிமூணாவது பை

— …இல்ல, அது அடர் சாம்பல். நான் கேட்டது வெளிர் சாம்பல்.

— ரெண்டும் சாம்பல்தானே.

— ஊர்ல வர்ற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டை செட்டையெல்லாம் வாங்கி வீட்ட நிரப்பின மனுஷன் பேசற பேச்சா இது? வெளிர் சாம்பல். ரெண்டு குமிழ் அகலம், நாலு குமிழ் நீளம். உங்க முழங்கைக்குக் கீழயே கிடக்கு.

— அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் இப்படித் திருப்பினா நானே பார்த்துடுவேன்.

— புத்தகம் என் கையில, பீஸ் உங்க கையில. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து நம்ம சட்டம் அதுதான். கடைசி நாள்ல மாத்தாதீங்க. …என்ன, கை நின்னுடுச்சு?

— கடைசி நாள்னு சொன்னே. அதக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.

— புதுசா என்னத்தச் சொல்லிட்டேன்? இந்த நிலாத்தோணி செட்டக் கட்டி முடிஞ்சதும் நான் கிளம்பறதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சதுதானே. நீங்களும் சரின்னீங்க.

— சொன்னேன்.

— அந்த வார்த்தைய உங்க அளவுக்கு அலட்டிக்காம சொல்ற ஆள நான் பார்த்ததே இல்ல.

— அடுத்த பீஸ் என்ன?

— பாருங்க, அவ்வளவுதான். அடுத்த பீஸ். …பன்னெண்டாவது பை காலி. இந்தாங்க, இது பதிமூணாவது. கடைசிப் பை.

— …சரி.

— மெதுவாக் கிழிங்க. போன தடவ மாதிரி சிதறி ஓடப் போகுது.

— மழ விட்டுடுச்சா?

— இன்னும் தூறுது. இந்த வெளிச்சத்தப் பாருங்களேன். வெயிலும் இல்ல, இருட்டும் இல்ல. திரைச்சீலையக் கழட்டினதும் வீடே யாரோ வீடு மாதிரி ஆயிடுச்சு.

— பேசினா எதிரொலி வருது.

— சாமான் எல்லாம் கட்டியாச்சுல்ல. ஆந்தைத் தீவு செட்டு மொத்தமும் என் பெட்டியில. சினிமாவுல வர்ற கப்பல், கோட்டையெல்லாம் உங்களுது.

— ஆந்தைத் தீவு கார்ட்டூன நானும்தான் விடாமப் பார்த்தேன்.

— பார்த்தீங்க. குறட்ட விட்டுக்கிட்டே பார்த்தீங்க.

— அந்தப் பச்ச ஆந்தையையாவது விட்டுட்டுப் போ.

— அது எப்படி? அதுக்குக் கண்ண ஒட்டினது நான். …நீலக் கண்ணாடி எடுங்க. பெரிசு. அதுதான் தோணியோட முன் ஜன்னல்.

— இதுவா?

— அதுதான். இருங்க, உடனே மாட்டாதீங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க.

— எதுக்கு?

— பிடிங்களேன். …இப்பத் தரையப் பாருங்க.

— அட. நீலமா விழுது.

— என் காலு தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இல்ல? கொஞ்சம் ஆட்டுங்க. ம்… அப்படித்தான். கண்ண மூடிக்கிட்டா வீடே மெதுவா நகருது.

— காலி வீட்ல அப்படித்தான் தோணும்.

— உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கு. நான் சொல்றது நிஜமாவே நகருது. கீழ தெரு போகுது, பழக்கட போகுது, உங்க வேலையிடம் போகுது…

— லிஃப்டு எந்த மாடியில நிக்குது?

— சிரிக்காதீங்க. நிலாத்தோணி படத்துல அந்தத் தோணி முதல் தடவ மேல எழும்பினப்ப எப்படி இருந்துச்சு? சத்தமே இல்லாம. தியேட்டர்ல ஒருத்தர் கூட இருமல.

— நீ என் கையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே.

— நீங்கதான் பிடிச்சீங்க.

— நீ.

— சரி, யாரோ பிடிச்சோம். படம் முடிஞ்சு வெளிய வந்தா நடக்கவே முடியல. தரை ரொம்பக் கடினமா இருந்துச்சு. அன்னிக்கே சொன்னேன், இதுக்கு ஒரு செட்டு வந்தா வாங்கிடணும்னு.

— வந்த அன்னிக்கே வாங்கினோமே.

— வாங்கி? அலமாரிக்கு மேல தூக்கி வச்சீங்க. சீல் பிரிக்கக் கூடாது, பிரிச்சா அந்த அழகு போயிடும்னு. நான் நாற்காலி போட்டு ஏறித் துடைக்கிறது, நீங்க இறக்கி ஒரு தடவ குலுக்கிக் கேக்கறது, மறுபடி மேல வைக்கிறது. அதோட வாழ்க்க போயிடுச்சு.

— குலுக்கினா நல்லா இருக்கும், அந்தச் சத்தம்.

— உள்ள இருக்கறவங்களுக்குத் தல சுத்தியிருக்கும். …இந்தாங்க, கேப்டன் பொம்ம. தொப்பி தனியா இருக்கு.

— இந்த ஆளுங்கள மாதிரி ஆயிட்டா நல்லாத்தான் இருக்கும். இல்ல?

— நீங்களா? கால் பக்கவாட்டுல நகராதே. எப்படி லிஃப்டுக் குழிக்குள்ள இறங்குவீங்க?

— இறங்க மாட்டேன். தோணியிலயே இருப்பேன். நீ சுக்கானப் பிடிப்பே. நான் அடியில எண்ணெ போட்டுக்கிட்டு இருப்பேன்.

— அங்கயும் மெக்கானிக்தானா?

— வேற என்ன தெரியும் எனக்கு? …கையப் பாரு இவங்களுக்கு. சும்மா ஒரு வளைவு. எதக் குடுத்தாலும் பிடிச்சுக்கும். விடத் தெரியாது.

— குடுத்தாத்தான் பிடிக்கும். தானா எட்டிப் பிடிக்காது. …நான் பொம்மையத்தான் சொன்னேன்.

— தெரியும்.

— இல்ல. பொம்மைய மட்டும் சொல்லல. சொல்லிடறேனே, போற நேரத்துல எதுக்கு மனசுல வச்சுக்கணும்? ஆய்வகத்துல எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்குன்னு வந்து சொன்னேன். கதவுகிட்ட நின்னு, பையக் கூடக் கீழ வைக்கல. நீங்க ஏதோ ஒரு இறக்கைய மாட்டிக்கிட்டு இருந்தீங்க. தலயத் தூக்கல. சரின்னீங்க.

— ஆந்தைக்கு இடது இறக்க.

— எந்த இறக்கையா இருந்தா என்ன? போகாதன்னு ஒரு வார்த்த. இல்ல, கோவமா எதையாவது தூக்கிப் போட்டிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். நான் ரெண்டு நாள் டயம் கேட்டிருந்தேன் அங்க. உங்களக் கேட்டுட்டுச் சொல்றேன்னு. நீங்க சரின்னதும் மறுநாளே ஒத்துக்கிட்டேன்.

— ரெண்டு நாள் டயம் கேட்டியா?

— கேட்டேன்.

— நீ முடிவு பண்ணிட்டு வந்து சொல்றேன்னு நெனச்சேன்.

— நெனச்சீங்க. கேக்கல.

— நாள் பூரா அந்தக் குழிக்குள்ள நின்னுக்கிட்டு மேல இருக்கறவன்கிட்ட கத்தறேன். நிறுத்து, இறக்கு, பிடின்னு. வீட்டுக்கு வந்தா வாயில ஒரு வார்த்த மிச்சம் இருக்கறதில்ல.

— எனக்கு ஒண்ணு போதுமா இருந்துச்சு. …விடுங்க. வேலையப் பார்ப்போம். ஆரஞ்சுக் கொடிக் கம்பம், ரெண்டு. தோணி ஓரத்துல.

— மாட்டிட்டேன்.

— சங்கிலி.

— மாட்டிட்டேன்.

— என்ன இது, ரெண்டு நாள் வேலைய மூணு வாரமா இழுத்தீங்க, இப்ப ஓடறீங்க?

— இழுத்தது நானா? வலப்புறத்தக் கட்டறப்ப இடப்புறத்தோட பக்கத்த வாசிச்சது யாரு? மூணு பை வேலையப் பிரிச்சுத் திரும்பக் கட்டினோம்.

— பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

— புதுப் புத்தகம்.

— புதுப் புத்தகம்தான் ஒட்டும். …அடுத்து விளக்கு. மஞ்சக் கண்ணாடி, உருண்டையா. தோணி மூக்குல வைக்கணும். அதோட முடிஞ்சது.

— மஞ்ச உருண்டையா?

— ஆமா. ஒண்ணுதான் இருக்கும்.

— இங்க இல்லயே.

— தள்ளுங்க, நான் பார்க்கறேன். …தட்டுக்கு அடியில?

— இல்ல.

— உங்க மடியில?

— எங்க மடியில? பாரு, ஒண்ணுமில்ல.

— உருண்டு போயிருக்கும். குனிங்க. பெட்டிகளுக்குப் பின்னாடி பாருங்க, நான் இந்த மூலையப் பார்க்கறேன்.

— தூசிதான் இருக்கு.

— கூட்டின வீட்ல எப்படித் தூசி வருது? உங்க செட்டுலேர்ந்துதான் வருது. …உதிரி பீஸ் போட்டு வச்ச பாட்டில்ல பார்த்தீங்களா?

— அதுல வேற செட்டோட உருண்டதான் இருக்கு. சிவப்பு.

— சிவப்பு எப்படி ஆகும்? படத்துல அந்த மஞ்ச வெளிச்சத்தப் பார்த்துத்தானே எல்லாரும் வீடு திரும்புவாங்க.

— கம்பெனிக்காரன் போடாம விட்டிருப்பான். எழுதிக் கேட்டா அனுப்புவாங்க. ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும்.

— ஒண்ணு ரெண்டு பீஸ் கூடுதலா வந்துதான் பார்த்திருக்கேன். குறைஞ்சு வந்து பார்த்ததில்ல.

— எல்லாத்துக்கும் ஒரு முதல் தடவ உண்டுல்ல?

— நீங்க இவ்வளவு நீளமாப் பேசி இன்னிக்கித்தான் பார்க்கறேன். …இருங்க, ஃபோன். அண்ணன்தான். ஹலோ… வந்துட்டியா? கீழதான் நிக்கறியா? …ம், ஆயிடுச்சு. ஒரே ஒரு பீஸ் கிடைக்கல. பத்து நிமிஷம். மேல வர வேணாம், நாங்களே இறக்கிடறோம்… சரி, வச்சுடறேன்.

— வந்துட்டாரா?

— வந்துட்டான். வண்டிய ஓரமா நிறுத்தியிருக்கானாம். …முட்டியெல்லாம் வலிக்குது. போதும், எழுந்திருங்க. விளக்கு இல்லாமலே இருக்கட்டும்.

— அது எப்படி? முடியலயே.

— முடிஞ்சதுன்னு வச்சுக்கலாம். நான் கிளம்பறேன். புத்தகம் இந்தாங்க.

— இரு.

— என்ன?

— ஒரு நிமிஷம் இரு.

— சொல்லுங்க. கையில என்ன?

— இந்தா.

— இது… மஞ்ச விளக்கு.

— சட்டப் பையில இருந்துச்சு.

— எப்பலேர்ந்து?

— பையக் கிழிச்ச உடனே எடுத்துட்டேன். நீ மழையப் பார்த்துக்கிட்டு இருந்தே.

— அடப்பாவி மனுஷா. என்ன நாலு கால்ல தவழ விட்டுட்டு, கூடவே தவழ்ந்தீங்களே.

— நல்லாத் தேடினேன்ல?

— சிரிப்பு வேற. ஏன் எடுத்தீங்க?

— இத வச்சா முடிஞ்சுடும்.

— முடியத்தானே கட்டறோம்?

— போகாத.

— …

— அன்னிக்கே சொல்லியிருக்கணும். இறக்கையக் கீழ வச்சுட்டுச் சொல்லியிருக்கணும். நீ கேட்டா விட்டுக் குடுக்கணும், அதுதான் நல்ல புருஷன்னு ஏதோ ஒரு நெனப்பு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. போகாத. வேல உனக்கு முக்கியம்னா நானும் வர்றேன். லிஃப்டு எல்லா ஊர்லயும்தான் பழுதாகுது.

— திரும்பச் சொல்லுங்க.

— லிஃப்டு எல்லா ஊர்லயும்…

— அது இல்ல.

— போகாத.

— எவ்வளவு சின்ன வார்த்த. …அழல, கண்ணுல தூசி. விளக்க வைங்க.

— நீ வையேன்.

— பீஸ் உங்க கையில. சட்டம் சட்டம்தான். …ம். இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. ஆச்சு.

— எரியற மாதிரியே இருக்கு.

— வெளிய வெயில் வந்திருக்கு, அதான். பாருங்க, சுவரு பூராவும் மஞ்சளும் நீலமும். இப்ப உங்களுக்கும் நகருதா?

— நகருது.

— பொய்.

— இல்ல, நிஜமா. எதையாவது பிடிச்சுக்கணும் போல இருக்கு.

— பிடிச்சுக்குங்க. …இந்தக் கை வேணாம், இதுல ஃபோன் இருக்கு. அண்ணனக் கூப்பிடறேன். …ஹலோ, அண்ணா. நீ கிளம்பு… இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. இன்னிக்கி வரல… ஆய்வகத்துல நாளைக்கு நானே பேசிக்கறேன்… இல்லண்ணா, பீஸ் கிடைச்சுடுச்சு. ஆனா இன்னும் முடியல, ஒரு பை பாக்கி இருக்கு. அத எப்பக் கட்டுவோம்னு தெரியாது… வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு.

— போயிட்டாரா?

— திட்டிக்கிட்டே போறான். …என்ன நீங்க, ஒரு பை பாக்கி இருக்குன்னு உங்க எதிர்லயே சொல்றேன், முகத்துல ஒரு மாத்தம் கூட இல்ல?

— பதினாலாவது பைதானே?

— உங்களுக்கு… எப்படித் தெரியும்? புத்தகம் என் கையிலதானே இருந்துச்சு.

— வருஷக்கணக்கா அலமாரி மேல இருந்த பெட்டி. அதோட பின்பக்கம் எனக்கு மனப்பாடம். பதினாலு பைன்னு போட்டிருக்கும், அந்தப் பையில வர்ற தோணி மேல்மாடியோட படமும் இருக்கும். சீல் பிரிச்ச அன்னிக்கி நான் கத்தரிக்கோல் எடுத்துட்டுத் திரும்பி வந்தப்ப மேஜையில பதிமூணுதான் இருந்துச்சு.

— அன்னிக்கேவா? மூணு வாரமா அத என் கைப்பையில வச்சுக்கிட்டு, எங்க இன்னொரு பைன்னு நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு… அப்பத் தோணி முடியல, நான் போக முடியாதுன்னு சொல்லிடலாம்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஒரே ஒரு தடவ கேட்டிருக்கலாமே.

— கேட்டா, எடுத்துக் குடுத்துடுவியோன்னு பயந்தேன்.