ஐந்தாம் பெட்டி, மூன்றாம் சேனல்

அலங்கார விளக்குகளுக்கு எண் கொடுக்கும்போது, தெருவில் நின்று பார்ப்பவரின் இடது கைப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலோர் தங்கள் வாசலில் நின்றுகொண்டு தொடங்குகிறார்கள். எல்லாம் இடவலம் மாறிவிடுகிறது. பிறகு மென்பொருளைக் குறை சொல்கிறார்கள்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். இந்தக் காவல் நிலையத்தில் உங்கள் மேசையில் கிடந்த காகிதங்களைப் பார்த்தேன். தேதிவரிசையில் இல்லை. நான் வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் முட்டுச்சந்தில் ஆறு வீடுகள். கிறிஸ்துமஸ் மாதம் முழுவதும் ஆறு வீட்டு விளக்குகளும் ஒரே இசைக்கு எரிந்து அணையும். ஒரு விளக்குச் சரம் தனியாக எரிய வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சேனல் வேண்டும். பதினாறு சேனலுக்கு ஒரு பெட்டி. வீட்டுக்கு ஒரு பெட்டி. மொத்தம் தொண்ணூற்றாறு.

மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு ஆண்டு வரைபடம் வரைந்தவன் நான். சேனல் அட்டவணையும் என்னுடையதுதான், பதினொரு ஆண்டுகளாக. கூரை முதலில், பிறகு சன்னல், பிறகு புதர், கடைசியில் தரை. எந்த வீடானாலும் மூன்றாம் சேனல் என்றால் கூரை உச்சி. ஒவ்வொரு பெட்டியிலும் கடைசி இரண்டு சேனல்கள் காலி. ஏதாவது பழுதானால் மாற்றிக்கொள்ள. இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் யாரிடமும் இல்லை.

டுவேன் டெஸ்கி ஆறாம் வீட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படகு விற்பவர். சத்தமாகச் சிரிப்பார். காலியாக விட்டிருந்த சேனல்களில் காற்றடைத்த சாண்டா கிளாஸ் பொம்மைகளைச் செருகினார். தூறல் விழுந்தால் விளக்கு அணைகிறது என்று, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சைக் கழற்றிப் போட்டார். கூரையில் ஒயரைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது அட்டவணையின் முதல் விதி. அவர் கணினித் திரையில் அணைத்துவிட்டு ஏறிவிடுவார்.

"பெரியவரே, உங்க அட்டவணை பைபிள் மாதிரி," என்றார் ஒருமுறை, எல்லோர் முன்னாலும். "எல்லார் வீட்லயும் இருக்கு. ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கறதில்ல."

எங்கள் லூத்தரன் திருச்சபையில் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். பாதிரியாரும் சிரித்தார்.

செப்டம்பரில் கறி சுட்டுச் சாப்பிட்ட ஒரு மாலையில் வாக்கெடுப்பு வைத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து கணினியே எண் போட்டுக்கொள்ளும், அட்டவணை வேண்டாம் என்று முடிவு. ஐந்து வீடுகள் ஆதரவு. நான் எதிர்ப்பு.

"கோவிச்சுக்காதீங்க ஆர்லன். இனிமே நீங்க நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாருங்க," என்றார் டுவேன். என் தோளில் தட்டினார். கையில் சாஸ் இருந்தது.

நான் கோபப்படவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். எண்களைக் கவனிக்காதவனுக்கு என்ன ஆகும் என்று அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் சிறிய திருகைத் திருப்பி அந்த எண்ணில் வைக்க வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படியும். ஐந்தாம் பெட்டி என் வீடு. ஆறாம் பெட்டி டெஸ்கியின் வீடு. நவம்பர் கடைசியில் அந்தச் சனிக்கிழமை இரண்டிலும் ஐந்து இருந்தது. ஏணி ஏறும் முன் ஒவ்வொரு பெட்டியாக எரியவிட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அது இரண்டாவது விதி.

டுவேன் தன் கூரையில் இருந்தார். உச்சியிலிருந்த நட்சத்திர விளக்கின் ஒயரை அணில் கடித்திருந்தது. எங்கள் ஊர் அணில்கள் ஒவ்வொரு ஆண்டும் எதையாவது கடிக்கும். பகல் இரண்டு மணி. பனி உருகி, தகர வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒயரை வெட்டி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மார்லிஸ், காப்பி போட்டாச்சா?" என்று கீழே கத்தினார்.

அவர் மனைவி மார்லிஸ் சமையலறையில் கணினி முன் இருந்தார். "எறங்கி வந்து போட்டுக்க. எனக்கென்ன நாலு கையா இருக்கு?" என்றார் சன்னல் வழியாக.

நான் என் முற்றத்தில் நின்றிருந்தேன். என் கூரை உச்சியிலிருந்த மணி விளக்கைச் சோதிக்க வேண்டியிருந்தது. வாக்கி டாக்கியில் சொன்னேன்.

"மார்லிஸ், அஞ்சாம் பெட்டில மூணு போடுங்க."

"அஞ்சுல மூணா? டுவேன் ஆறுலதானே இருக்கார்?"

"ஆமா. ஆறுலதான்."

"சரி. போடறேன்."

மணி எரிந்தது. ஒரு பல்புகூடக் குறையில்லை. டெஸ்கியின் கூரையிலிருந்து பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஏணி மட்டும் சாய்ந்து புதர் மேல் விழுந்தது. அதன் பிறகு அவர்.

அடக்கத்துக்குப் பிறகு மார்லிஸ் என் வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"நான்தானே அழுத்தினேன், ஆர்லன்."

"நான் சொன்ன நம்பரைத்தான் அழுத்தினீங்க," என்றேன். அது உண்மை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இப்போது அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள். எந்த விசையையும் தொடுவதே இல்லையாம். சிலர் அப்படித்தான்.

நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் சென்ற வாரம் தீயணைப்பு அலுவலரின் அறிக்கை வந்தது. மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி: "பெட்டிகளுக்கு எண் ஒதுக்கியதில் அட்டவணை தயாரித்தவர் செய்த தவறு." ஆறாம் பெட்டியின் மூடிக்குள் அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதில் ஆறு என்று அச்சில் இருக்கிறது. அவர் மூடியைத் திறந்து படிக்கவில்லை. படித்திருந்தால் இப்படி எழுத முடியாது. ஒருவரும் படிப்பதில்லை.

மறுநாள் இரண்டாம் வீட்டு வெர்னா கோழியும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்த ஒரு தட்டு உணவோடு வந்தார்.

"யாரும் உங்களைக் குத்தம் சொல்லல, ஆர்லன். வயசாச்சு. கண்ணு முன்ன மாதிரியா இருக்கும்? எங்கப்பாவும் கடைசிக் காலத்துல மாத்திரை டப்பாவ மாத்தி வெச்சுடுவார்."

தெரு முழுவதும் என்னை மன்னித்துவிட்டிருந்தது. தட்டைத் தொடாமல் குப்பையில் கொட்டினேன். கோட்டை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

ஆகவே பதிவுக்காக: அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வியாழன், நன்றி செலுத்தும் திருநாளன்று, ஆறு வீட்டாரும் டெஸ்கியின் வீட்டில் வான்கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மார்லிஸ் என்னிடம் கார் நிறுத்தும் கராஜிலிருந்து ஐஸ் எடுத்து வரச் சொன்னார். ஆறாம் பெட்டி அங்கேதான் சுவரில் இருக்கிறது. ஆறிலிருந்த திருகை ஐந்துக்குத் திருப்பினேன். ஐஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் காத்திருந்தேன். அவர் வெறும் கையில் ஒயரைப் பிடித்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மார்லிஸிடம் எண்ணைச் சொன்னேன்.

மூன்றாம் பக்கத்தைத் திருத்துங்கள். திருத்தியதில் ஒரு பிரதி மார்லிஸுக்கும் அனுப்பிவிடுங்கள். அட்டவணையில் பிழை இல்லை என்று தெரிந்தால் அவருக்கு நிம்மதியாக இருக்கும்.